மூன்றாம் ஷெட்டின் கோடு

ஏறியது. இறங்கியது. அசையாமல் நின்றது. மூன்றே சங்கதி. இதைச் சொல்ல போர்டு நிறைய வார்த்தை எழுதி வைத்திருக்கிறாள் ரெஹானா மிஸ். ரோஸ், கிளைம்ப்டு, இன்க்ரீஸ்டு. எல்லாம் ஏறினதுதான். ஃபெல், டிராப்டு, டிக்லைன்டு. எல்லாம் இறங்கினதுதான். கோழிக்குத் தீனி போடுகிறவனுக்கு இறங்கினது என்றால் இறங்கினது. போதாதாம். எப்படி இறங்கியது என்று பக்கத்தில் இன்னொரு வார்த்தை ஒட்டணுமாம். ஸ்லைட்லி என்றால் கொஞ்சமாக. கிராஜுவலி என்றால் மெதுமெதுவாக. ஷார்ப்லி என்றால் சடாரென்று. ஷார்ப்லி என்று எழுதும்போது சாக்பீஸ் கிறீச்சிட்டது. பல் கூசியது. காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன். பெஞ்சுக்கு அடியில், செருப்போடு, எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு. பக்கத்தில் தாரணி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் செருப்புக்கும் என் செருப்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. தள்ளி உட்கார் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்பாள். கேள்வி கேட்கிற பிள்ளை. சட்டைப் பையில் ஃபோன் நெஞ்சை ஒட்டிக் கிடக்கிறது. மத்தியான முட்டை பொறுக்கி முடித்ததும் சூப்பர்வைசர் பெரியண்ணன் கூப்பிடுவான். கூப்பிடாமல் இருந்தால் நல்லது. கூப்பிடாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

எனக்கு இது வேண்டாத வேலை. நாமக்கல்லில் முட்டைப் பண்ணை வைத்திருப்பவனுக்கு இங்கிலீஷ் எதற்கு? கோழிக்குத் தெரியுமா, லாரிக்காரனுக்குத் தெரியுமா? இத்தனை வருஷம் எங்கள் முட்டையை வாங்குகிற மஸ்கட்காரனோடு பேசினது என் மகன். வேலை கிடைத்து மெல்போர்ன் போன பிறகும் அங்கிருந்தே பேசிக்கொண்டிருந்தான். போன மாசம் மஸ்கட்காரன் சொல்லிவிட்டான், கோழியைக் கண்ணால் பார்க்கிறவன் எவனோ அவனே பேசட்டும் என்று. நியாயம்தான். யாராவது நியாயமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். நாளைக்குக் கம்ப்யூட்டரில் அவன் முகம் வரும். பக்கத்தில் என் நாலு ஷெட்டின் கோடும் வரும். ஒவ்வொரு கோடும் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது, இனி எப்படிப் போகும் என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில், ஃபேன் கடகடக்கிற இந்த ரூமில், வேலைக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகளுக்கு நடுவே வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் என்னை வாத்தியார் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கடா என்றேன். அதோடு சரி. மிஸ் இப்போது கோடு ஒன்று போடுகிறாள். கீழேயிருந்து விறுவிறுவென்று ஏறி, மேலே மேசை மாதிரி நின்று, பிறகு மெல்லச் சரிகிற கோடு. "இது ஒரு மொபைல் கம்பெனியோட சேல்ஸ்" என்கிறாள். மொபைலாவது. இது கோழி. இளங்கோழி முட்டைக்கு வந்ததும் ஏறும். ஏறிப் பீக்கில் நிற்கும். வயசானதும் சரியும். அந்த நிற்கிற இடத்துக்கு ப்ளேட்டோ என்று பெயராம். என்ன பெயரோ. ஷெட்டு வாசலில் கயிற்றில் பென்சில் கட்டித் தொங்கும் அட்டையில், தினமும் ஒரு புள்ளி வைத்து இந்தக் கோட்டைத்தான் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறேன். கோடு நேராக இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். அவ்வளவுதான் என் வாழ்க்கை.

மூன்றாம் ஷெட்டுக் கோழிக்கு இது மேசைமேல் நிற்க வேண்டிய வயசு. முந்தாநாள் புள்ளி கொஞ்சம் கீழே விழுந்தது. வெயில் என்றேன். பெரியண்ணன் தலையாட்டினான். நேற்று இன்னும் கொஞ்சம். தண்ணீர் பைப்பு அடைத்திருக்கும் என்றேன். பைப்பைத் தட்டிப் பார்த்தான். அடைப்பு இல்லை. அதை என்னிடம் சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. இன்று காலையில் நானே உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் எதுவோ குறைந்தது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. நாற்றம் அதே நாற்றம். தூசி அதே தூசி. சத்தம். சத்தம் இல்லை. ஆயிரக்கணக்கில் கோழி இருக்கிற ஷெட்டு சந்தைக்கடை மாதிரி இரையும். காது அதற்குப் பழகி, இரைச்சலே காதில் விழாது. இன்று காலையில்தான் அது காதில் விழவில்லை என்பது காதில் விழுந்தது. தீனித் தொட்டியில் நேற்றைய தீனி அப்படியே. கம்பிக்குள் தலையைத் தொங்கப் போட்டு ஒன்று. அதற்கு அடுத்து ஒன்று. ஒன்று என்னைப் பார்த்தது. கோழி மனுசனைப் பார்க்காது, கையைத்தான் பார்க்கும், தீனி போடுகிற கையை. இது முகத்தைப் பார்த்தது. முட்டை ஒன்றை எடுத்தேன். ஓடு இல்லை. தோல் மட்டும். விரலுக்குள் பிதுங்கி வழிந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது அந்த விரலைப் பார்க்கிறேன். சாக்பீஸ் தூசி படிந்த பெஞ்சில் வைத்துத் தேய்க்கிறேன். வேட்டி மாற்றினேன். கை கழுவினேன். செருப்பு? ஷெட்டுக்கென்று தனிச் செருப்பு வாசலில் கிடக்கும். வாசல் தொட்டியில் மருந்துத் தண்ணீர் இருக்கும். மிதித்துவிட்டுப் போகணும், மிதித்துவிட்டு வரணும். வேலைக்காரன் ஒருவன் மிதிக்காமல் போனால் அவன் பரம்பரையையே இழுப்பேன். இன்று காலையில் மிதித்தேனா? கதவைத் திறந்தது நினைவிருக்கிறது. சத்தம் இல்லாதது நினைவிருக்கிறது. கால் நனைந்தது நினைவில் இல்லை. இது தெருச் செருப்பு. அதோடுதான் போனேன். அதோடுதான் இங்கே இருக்கிறேன்.

எங்கள் பக்கம் அதன் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. பறவைக் காய்ச்சல் என்று டிவிக்காரன் சொல்லட்டும். நாங்கள் 'அது' என்போம். அங்கே 'அது' வந்துருச்சாமா என்போம், குரலை இறக்கி, டீக்கடையில். பண்ணைக்காரன் பண்ணைக்காரனைப் பார்ப்பதே டீக்கடையில்தான், இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்தில். ஒருத்தர் பண்ணைக்கு ஒருத்தர் போக மாட்டோம். சாவுக்குப் போனாலும் குளித்து, செருப்பைக் கழுவிவிட்டுத்தான் ஷெட்டுப் பக்கம். தாரணியின் அப்பன் சென்னியப்பன் பண்ணை ரோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நின்று கத்தினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் அவன் ஷெட்டின் உட்புறம் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. என்னுடையது அவனுக்குத் தெரியாது. அதுதான் எங்களுக்குள் இருக்கிற மரியாதை. இது 'அது' இல்லை. வேறு நோய் ஆயிரம் இருக்கிறது. வெள்ளைக் கழிச்சல் இருக்கலாம். தீனியில் பூஞ்சை இருக்கலாம். மக்காச்சோளம் ஈரமாகத்தான் வந்தது. நானே பார்த்தேன். ஆமாம், மக்காச்சோளம். மக்காச்சோளம்தான். அப்படியென்றால் ஒரே தீனி தின்கிற மற்ற மூன்று ஷெட்டும் ஏன் இரைகிறது? சும்மா இரு. லாரியை நினைக்காதே.

லாரி. போன வகுப்பன்று. முட்டை விட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழிகளை ஏற்றிப் போகிற லாரி. பண்ணை பண்ணையாகப் போகிற வண்டி. கூண்டெல்லாம் இறகு, எச்சம். கேட்டிலேயே நிறுத்தி டயர் முதல் கூரை வரை மருந்து அடித்த பிறகுதான் உள்ளே விடுவோம். அன்றைக்கு மோட்டார் ஓடவில்லை. பெரியண்ணன் கைப்பம்பில் அடிக்க ஆரம்பித்தான். தாத்தா காலத்துப் பம்பு. பீச்சுகிறது, நிற்கிறது, பீச்சுகிறது. என் காருக்குக் குறுக்கே லாரி. கேட்டுக்கு வெளியே தாரணி நின்று வாட்சைக் காட்டினாள். நேரம் தவறினால் மிஸ் உள்ளே விட மாட்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "போதும் வுடுய்யா உள்ள. டயரு நனைஞ்சா பத்தாதா? லாரிக்கு என்ன சீமந்தமா பண்ற?" பெரியண்ணன் என்னைப் பார்த்தான். "பின்னாடி இன்னும் அடிக்கலீங்க அய்யா." "வுடுன்னா வுடு." விட்டான். லாரி மூன்றாம் ஷெட்டை ஒட்டிப் போய்த்தான் திரும்பணும். அன்றைக்கு இங்கே வந்து உட்கார்ந்து நான் படித்த வார்த்தை ரிமெய்ன்ட் ஸ்டெடி. அசையாமல் நின்றது. அதற்கு அப்புறம் ரெண்டு நாள் கழித்து டீக்கடையில் சொன்னார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் கோழி சரியில்லையாம். கிழட்டுக் கோழியை அவசர அவசரமாக ஏற்றி விட்டானாம். எந்த லாரியில் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

"வையாபுரி சார், கவனிக்கிறீங்களா?" மிஸ். கவனிக்கிறேன் என்று தலையை ஆட்டினேன். தாரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். காரில் வரும்போதும் சிரித்தாள். "ஏனுங்க பெரிப்பா, இப்பல்லாம் ஷெட்டுக்குள்ள போய் இங்கிலீஷ்ல பேசிப் பாக்கறீங்களாமா? பாத்துங்க, கோழி பயந்து முட்டை போடறத நிறுத்திரும்." அவளுக்கு எதுவும் தெரியாது. சும்மா சொன்னாள். ஸ்டியரிங் என் கையில் வழுக்கியது. வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். "மொதல்ல வாய அடைக்கோணும் உனக்கு" என்றேன். அதற்கும் சிரித்தாள். முன் சீட்டில் காலை நீட்டி, கீழே விரித்த மிதியடிமேல் வைத்திருந்தாள். காலையில் ஷெட்டிலிருந்து வந்து நான் ஏறி இறங்கின கார். அந்த மிதியடி. சின்ன வயசிலிருந்து அப்படித்தான், என் காரில் காலை எங்கே வேண்டுமானாலும் வைப்பாள். "திரும்பிப் போறப்ப நேரா எங்க ஷெட்டுலயே எறக்கி வுட்ருங்க. அப்பா ஈரோடு போயிருக்காரு. தண்ணில தடுப்பு மருந்து கலக்கணும், நாந்தான் கலக்கணும்" என்றாள். சரி என்றேன். சரி என்று ஏன் சொன்னேன்? நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவள் காலைப் பார்க்கிறேன். சிவப்பு வார் போட்ட ரப்பர் செருப்பு. அடியில் என்ன ஒட்டியிருக்கும்? தூசி. மிதியடித் தூசி. கண்ணுக்குத் தெரியுமா அது? தெரிந்தால் யார் பயப்படப் போகிறார்கள்.

"நம்பர் இறங்கியிருக்கு. ஆனா வாங்கறவங்க பயந்துடக் கூடாது. அப்ப என்ன பண்ணணும்?" மிஸ் கேட்கிறாள். அவளே பதிலும் சொல்கிறாள். "மென்மையாச் சொல்லணும். ஃபெல்னு மொட்டையாச் சொல்லாதீங்க. எ ஸ்லைட் டிப். கொஞ்சமா ஒரு சறுக்கல். அப்புறம் உடனே ஒரு நல்ல வார்த்தை. இட் வில் ரெகவர் சூன். சீக்கிரம் மீண்டுடும்." நல்ல பெண். குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிற மாதிரி சொல்லித் தருகிறாள். எ ஸ்லைட் டிப். நாளைக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். மூன்றாம் ஷெட்டில் எ ஸ்லைட் டிப், வெயில், சீக்கிரம் மீண்டுவிடும். அவன் தலையாட்டுவான். நான் தலையாட்டுவேன். அப்புறம்? எப்படியும் நாளை கழிந்துவிடும். அப்புறம்? "மிஸ்" என்றேன். "இறங்குது. எங்க போய் நிக்கும்னு தெரியல. ஏன்னும் தெரியல. அதுக்கு என்ன வார்த்தை?" "அதுக்கு வார்த்தை இல்ல சார். வீ ஆர் மானிட்டரிங்னு சொல்லுவாங்க. கவனிச்சுக்கிட்டு இருக்கோம்னு." எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் கவனித்துக்கொண்டே இருக்கிறேனே. முந்தாநாளிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். "வாங்க சார், நீங்களே வந்து இந்தக் கோட்டைச் சொல்லுங்க." புதிதாக ஒரு கோடு போட்டாள். மேலே நேராக வந்து, கடைசியில் சடாரென்று விழுகிற கோடு. எழுந்தேன். காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தேன், யார் கால் மேலும் படாமல். சேற்றில் நடக்கிறவன் மாதிரி இருந்திருக்கும். "தி… எக்… தி ப்ரொடக்சன் ரிமெய்ன்ட் ஸ்டெடி." "வெரி குட்." "தென் ஃபெல்." "எப்படி ஃபெல்?" "ஸ்லைட்லி." மிஸ் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதப் பாத்தா கொஞ்சமாவா சார் தெரியுது?" தெரியவில்லை. அப்போதுதான் சட்டைப் பை நடுங்கியது. நெஞ்சுக்கு மேல். என் நெஞ்சுதான் என்று நினைத்தேன்.

வராந்தாவுக்கு வந்துவிட்டேன். கீழே பஸ்கள். கண்டக்டர் ஒருத்தன் மோகனூர் மோகனூர் என்று கத்துகிறான். "சொல்லு." பெரியண்ணன் மூச்சுதான் முதலில் கேட்டது. "அய்யா, முட்டை பாதிகூட இல்லீங்க." "எத்தனை செத்துது?" "எண்ணலீங்க. எண்ணிக்கிட்டு இருக்கறப்பவே விழுதுங்க." "கொண்டை?" உடனே மறுபடியும் கேட்டேன். "டேய், கொண்டை என்ன நிறம்?" "நீலம் பாஞ்சிருக்குதுங்க." கொண்டை நீலம் பாய்ந்தால் 'அது' என்று டீக்கடையில் சொல்வார்கள். பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது. "அய்யா, இருக்கீங்களா? ஜேசிபிய வரச் சொல்லட்டுங்களா? பின்னாடி கெணத்து மேட்டுல குழி எடுத்துப் போட்டுட்டா யாருக்கும்… நாளைக்கு உங்க மீட்டிங் முடியட்டுங்க. அப்புறம் பாத்துக்கலாம்." அவன் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அரசாங்க டாக்டருக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாதிரி எடுத்துப் போவார்கள். அதுதான் என்று வந்தால், வெள்ளை பிளாஸ்டிக் உடுப்புப் போட்டு ஆட்கள் இறங்குவார்கள். என் நாலு ஷெட்டும் போகும். சுத்துப்பட்டில் இருப்பதும் போகும். சென்னியப்பன் கோழி நன்றாகவே இருந்தாலும் போகும். சொன்னால் அவன் கெட்டான். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை சிவப்புச் செருப்போடு போய்த் தடுப்பு மருந்து கலக்கும். "அய்யா?" "குழி வேண்டாம். கேட்டைப் பூட்டு. யாரையும் வுடாத." "நீங்க வந்தா?" "என்னையும் வுடாத." வைத்துவிட்டேன். கம்பியைப் பிடித்தேன். பிடித்த கையை எடுத்துவிட்டேன். கம்பியை வேறு யாராவது தொடுவார்கள்.

உள்ளே வகுப்பு முடிந்திருந்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். சுவரோடு ஒட்டி நின்றேன். மிஸ் போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடு மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது, விழுகிற பாகம். தாரணி பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தாள். "போலாங்களா பெரிப்பா? லேட்டாச்சு, அப்பா ரெண்டு தடவ கூப்ட்டுட்டாரு." நான் வாசற்படியைத் தாண்டவில்லை. "என்ற காரு வேண்டாம். உங்கொப்பன ஈரோட்டுலருந்து வர்றப்ப கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு" என்றேன். "ஏனுங்க, டயர் பஞ்சரா?" இல்லை. "நேரா ஊட்டுக்குப் போ. ஷெட்டுப் பக்கம் போகாத." "மருந்து கலக்கணுமுங்களே." "போகாதங்கறேன்." குரல் உயர்ந்துவிட்டது. மிஸ் டஸ்டரோடு திரும்பிப் பார்த்தாள். தாரணி சிரிக்கப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். சொல். சொல்லித் தொலை. தமிழில் ஒன்றும் வரவில்லை. 'அது' என்று சொல்லலாம், எங்கள் வழக்கப்படி. அது போதும், அவளுக்குப் புரியும். அந்த ரெண்டு எழுத்தும் வரவில்லை. போர்டைக் காட்டினேன். ஓரத்தில் விழுந்துகொண்டிருந்த கோட்டை. "எங்க மூணாவது ஷெட்டு" என்றேன். "ஷார்ப்லி."

கேள்வி கேட்கிற பிள்ளை, ஒன்றும் கேட்கவில்லை. பண்ணைக்காரன் மகள். முதலில் என் காலைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். மெதுவாக, ஏதோ சுடுகிற மாதிரி, இரண்டு காலையும் செருப்பிலிருந்து உருவிப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள், சின்ன வயசில் பாம்பு என்றதும் கட்டிலில் ஏறிக்கொண்ட மாதிரி. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஃபோனில் அப்பன் நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரை அமுக்கினாள். என்னிடம் நீட்டவில்லை. தொடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பெஞ்சின் அந்தக் கோடிக்கு ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க பெரிப்பா" என்றாள். மணி அடித்தது. அடித்தது. எடுக்காமல் இருக்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். "என்ன பாப்பா, கெளம்பிட்டியா?" சந்தோஷமான குரல். ஈரோட்டில் காரியம் நல்லபடியாக முடிந்திருக்கும். நாளைக்கு மஸ்கட்காரன் வருவான், அவனிடம் இங்கிலீஷில் சொல்லணும், அது நாளைக்கு. "சென்னியப்பா" என்றேன். "அட, அண்ணனா! சொல்லுங்கண்ணா." படியைத் தாண்டாமல், கழுத்தை மட்டும் நீட்டி, அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"உன்ற கேட்டைப் பூட்டச் சொல்லு. டாக்டருக்கு நான் இப்பக் கூப்படறேன்."